தடைக்காலத்தில் உடையும் கண்ணாடி

போன மாதம் ரியாஸ் தம்பி போன் செய்தார். காரைக்காலில் நான் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையை இப்போது நடத்துகிறவர் அவர்தான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் பிறந்தேயிருக்கவில்லை. சுகம் விசாரித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, ஒரு புள்ள வருசத்துக்கு எத்தன கண்ணாடி ஒடைக்கும்? தோராயமா சொல்லுங்க."

"எந்தப் புள்ள?" என்றேன்.

"பொதுவாத்தான்க்கா. சின்னப் புள்ளைங்களுக்கு ஒரு திட்டம் போடலாம்னு இருக்கேன். ஒரு தடவ பணம் கட்டிட்டா, வருசம் பூரா எத்தன தடவ ஒடைச்சாலும் புதுசு குடுத்துடறது. கட்டுப்படியாவுமா?"

நான் சிரித்த சிரிப்பில் கொல்லையில் இருந்த என் வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று உள்ளே ஓடி வந்தார். "தம்பி, திட்டத்த ஆரம்பிங்க. ஆனா கடைய வித்துட்டு ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டேன். பிறகு பாவமாக இருந்தது. கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் எழுதி அனுப்புவோம் என்று உட்கார்ந்தேன். அது இப்படி நீண்டுவிட்டது. அவர் கேட்ட எண்ணிக்கை இதில் எந்த இடத்திலும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது குரும்பகரத்தில், நெல் விளைவிக்கிற வீட்டில். எங்களுக்குக் கண்ணாடி என்றால் அது வாத்தியார் மூக்கில் இருப்பது. பிளஸ் டூ முடித்துவிட்டு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் பஸ்ஸில் டவுனுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவள், ஒரு கடை வாசலில் 'ஆள் தேவை' என்ற அட்டையைப் பார்த்து உள்ளே நுழைந்தேன். முதல் வருடம் முழுக்கத் துடைத்தேன், ஸ்க்ரூ பொறுக்கினேன். கண்ணாடி ஸ்க்ரூ எள்ளை விடச் சிறியது. கீழே விழுந்தால் நேராக பீரோவுக்கு அடியில்தான் போகும். அப்புறம் லென்ஸைத் தேய்க்கவும், ஃப்ரேமில் ஏற்றவும், முகத்துக்கு அளவெடுக்கவும் கற்றுக்கொண்டேன். அந்தக் கதை எனக்கே சுவாரசியமாக இல்லை என்பதால் இத்தோடு விட்டுவிடுகிறேன்.

சொல்ல வேண்டியது முதலாளியைப் பற்றி. ரியாஸின் வாப்பா, ஜமால் பாய். திருமலைராயன்பட்டினத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருவார். முழுக்கை வெள்ளைச் சட்டை, அதில் ஒரு சுருக்கம் இருக்காது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எனக்கோ அப்போதும் இப்போதும் மூக்கு நுனியில் கோபம். எங்கள் இரண்டு பேரையும் ஒரே கவுண்டரில் நிற்க வைத்தது யார் செய்த வேடிக்கையோ தெரியாது.

அவர் மூன்று வயதுப் பிள்ளையிடமும் 'வாங்க, உக்காருங்க' என்றுதான் பேசுவார். பிள்ளைகள் முதலில் திரும்பிப் பார்க்கும், தங்களுக்குப் பின்னால் பெரியவர் யாராவது வருகிறாரா என்று. உடைந்த கண்ணாடி கடைக்கு வந்தால் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். பிள்ளையை உயரமான ஸ்டூலில் உட்கார வைக்க வேண்டும். உடைந்ததை நகைக்கடையில் வைப்பது மாதிரி வெல்வெட் தட்டில் வைக்க வேண்டும். அம்மா பேசக் கூடாது. இதுதான் கஷ்டமான பகுதி. பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் பேசிப் பேசித் தயாராகி வந்திருப்பார்கள். முதலாளி அவர்கள் பக்கம் கையை லேசாக உயர்த்திக் காட்டிவிட்டு, பிள்ளையிடம் குனிந்து, "கண்ணாடிக்கு எங்கங்க வலிக்குது?" என்று கேட்பார்.

யார் உடைத்தது என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்டும், காட்டிக்கொண்டே மொத்தக் கதையையும் சொல்லிவிடும். ஒரு பையன், "ஆடு கடிச்சிருச்சு" என்றான். அவன் அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். முதலாளி சிரிக்கவில்லை. "ஆடு நல்லா இருக்குங்களா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவன் அப்பா வந்து, ஆடு உண்மையிலேயே கடித்ததென்றும், மிச்சமிருந்த பாதியை அதன் வாயிலிருந்து தானே பிடுங்கியதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

சின்னப் பிள்ளைக்குக் கண்ணாடி மாட்டி அனுப்புவதற்கு முன்னால் நான்கு சோதனை உண்டு. குனியச் சொல்வோம். தலையை ஆட்டச் சொல்வோம். குதிக்கச் சொல்வோம். கடைசியில் சிரிக்கச் சொல்வோம், சிரிக்கும்போது கன்னம் மேலே ஏறிக் கண்ணாடியைத் தூக்கிவிடும் என்பதால். நான்கிலும் மூக்கை விட்டு நகராமல் இருந்தால்தான் கண்ணாடி கடையை விட்டு வெளியே போகும். கடைக்குள் ஒரு பிள்ளை குதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துத் தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

இவ்வளவு செய்தும் ஏன் உடைகிறது என்றால், ரியாஸ் தம்பி, அது பிள்ளை. கண்ணாடியைக் கழற்றாமலே சட்டையைக் கழற்றும். அதன் மேலேயே படுத்துத் தூங்கும். சும்மா இருந்தாலும் முகம் வளரும், பவர் மாறும். "போன வருசம் வாங்குனதுதானே, இதென்ன செருப்பா, வருசா வருசம் மாத்த?" என்று ஒரு அம்மா கேட்டார். செருப்பேதான் என்றேன். கால் வளர்வதை ஒத்துக்கொள்கிறவர்கள் மூக்கு வளர்வதை மட்டும் ஒத்துக்கொள்வதில்லை.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இதற்கு வழி கண்டுபிடித்தார். "வளர்ற புள்ளதானே, வசந்தி. ரெண்டு சைஸ் பெருசா குடு. மூணு வருசத்துக்கு ஓடும்" என்றார். யூனிஃபார்ம் தைக்கிற கணக்கு. நான் சண்டை போட்டும் கேட்கவில்லை, வேறு கடையில் வாங்கிப் போட்டுவிட்டார். பிள்ளை கண்ணாடிக்கு மேல் வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூட ஆபீஸ் கணக்கப்பிள்ளை மாதிரி மூன்று மாதம் திரிந்தது. பிறகு அவரே கூட்டிக்கொண்டு வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் இருந்ததற்கு என்னை நானே இன்றும் மெச்சிக்கொள்கிறேன்.

இன்னொரு அம்மா, டவுனில் நல்ல வசதியானவர். மகளுக்கு வாங்கிய கண்ணாடியை ஒரு வருடம் கழித்து அப்படியே புத்தம் புதிதாகக் கொண்டு வந்தார். ஒரு கீறல் கிடையாது. பெருமையாக நீட்டினார். நல்ல துணிமணி போட்டு வெளியே போகும்போது மட்டும் பீரோவிலிருந்து எடுத்து மாட்டிவிடுவாராம். எனக்கு வந்த கோபத்தில் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்தப் பெண் ஒரு வருடம் போர்டைப் பார்க்காமல் படித்திருக்கிறாள். நசுங்கிக் கோணலாகிக் கொண்டு வருகிற கண்ணாடி மேல் எனக்கு ஒருபோதும் கோபம் வராது. அது பிள்ளையின் முகத்தில் இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

சரி, கோட்டுச்சேரிமேட்டுக்கு வருகிறேன்.

செல்வி அந்த மீனவர் குப்பத்துக்காரி. கல்யாணமாகி ரொம்ப வருடம் கழித்துப் பிறந்த ஒரே மகள் ஹரிணி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயதில்தான் பிள்ளைக்கு இடது கண் சரியாகத் தெரியவில்லை என்று கண்டுபிடித்தார்கள். வலது கண்ணில் சின்னக் குறை, இடது கண்ணில் பெரிய குறை. அப்படி இருந்தால் மூளை அந்த மங்கலான கண்ணை நம்பாது. நல்ல கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிடும். இடது கண் வேலை செய்யாமலே சோம்பேறியாகிவிடும். கண் டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்: கண்ணாடியைக் கழற்றவே கூடாது, தினமும் கொஞ்ச நேரம் நல்ல கண்ணை ஒட்டி மூட வேண்டும், ஏழெட்டு வயதுக்குள் அந்தக் கண்ணைப் பழக்கிவிட வேண்டும். அதைத் தாண்டினால் பிறகு எவ்வளவு விலைக்குக் கண்ணாடி வாங்கினாலும் அந்தக் கண்ணை எழுப்புவது கஷ்டம்.

ரோஸ் நிற ஃப்ரேம், ஓரத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி. ஹரிணியே தேர்ந்தெடுத்தாள். பள்ளிக்கூடம் நடக்கிற மாதமெல்லாம் கண்ணாடிக்கு ஒரு குறையும் இல்லை. கோடையில், மீன்பிடித் தடைக்காலம் வந்து விசைப்படகுகளெல்லாம் கரையேறி நின்ற பிறகு, உடைந்தது. மாற்றினோம். மறுபடி உடைந்தது. அடுத்த வருடம் கோடையிலும் அதே கதை. அந்தத் தடித்த லென்ஸ் சென்னையிலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம், பத்து நாள் பிள்ளை கண்ணாடி இல்லாமல் இருப்பாள். இடது கண் அதுவரை கற்றுக்கொண்டதையெல்லாம் மறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும்.

அந்தக் கோடையில் மூன்றாவது தடவையாக உடைந்தபோது செல்வி கண்ணாடியைத் தட்டில் வைக்கவில்லை. கவுண்டரில் போட்டாள்.

"இதுக்கு மேல என்னால ஆவாதுக்கா. பள்ளிக்கூடம் இருந்தா ஒழுங்கா வச்சுக்குறா, லீவு விட்டாப் போதும் ஒடைச்சிட்டு வந்து நிக்கிறா. அவளுக்கு வெவரம் தெரியட்டும். பத்து வயசு ஆனா பத்தரமா வச்சுக்குவா. அப்ப வாங்கித் தர்றேன்."

"பத்து வயசுல வாங்குறதுக்கு என்கிட்ட வராத செல்வி" என்றேன். "வளையல் கடைக்குப் போ. அப்ப அது மூஞ்சிக்கு அழகு, அவ்ளோதான்."

"நான் என்னாக்கா பண்ணட்டும்? போட்டெல்லாம் கரையில கெடக்கு. அவரு வீட்ல குந்தி வலை பின்னிக்கிட்டு இருக்காரு. நான் ஜவுளிக்கடையில கூட்டிப் பெருக்கிக் கொண்டாந்ததெல்லாம் இந்த லென்சுக்கே போயிட்டு."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஹரிணி ஸ்டூலில் குனிந்த தலையோடு உட்கார்ந்து, "நான்தான் ஒடைச்சேன்" என்றாள், யாரும் கேட்காமலே.

முதலாளி உள்ளேயிருந்து வந்தார். கவுண்டரில் கிடந்ததை எடுத்துத் தட்டில் வைத்தார். செல்வியை உட்காரச் சொன்னார். பிறகு ஹரிணியிடம் குனிந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ரெண்டு காதுலயும் வலிக்குதாம்" என்றாள் அவள்.

நான் கண்ணாடியைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். ஒரு லென்ஸ் விளிம்பில் தெறித்திருந்தது, அது கீழே விழுந்ததால். காதில் மாட்டுகிற கைகளை நாங்கள் 'சைடு' என்போம். பிள்ளைகள் ஒரு கையால் இழுத்துக் கழற்றுவதால் பெரும்பாலும் ஒரு சைடுதான் கோணும். இதில் இரண்டும் விரிந்திருந்தன, ஒரே அளவுக்கு, அளவெடுத்துச் செய்தது போல. போன தடவையும், அதற்கு முந்தைய தடவையும் இப்படித்தான் இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

"முதலாளி, இது விழுந்து விரியல. விரிஞ்சதாலதான் விழுந்திருக்கு" என்றேன். "உள்ள ஏதோ பெரிய தலை போயிட்டு வந்திருக்கு."

முதலில் நானே போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் தளர்ந்தது. செல்விக்கு மாட்டினேன். "நான் எதுக்குக்கா இதப் போடப் போறேன்?" என்று அவள் கத்தினாள். அவளுக்கு மூக்கிலிருந்து நழுவியது. கடையில் மிச்சமிருந்தது ஒரு தலைதான். யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். "கொஞ்சம் தலையக் குடுங்க முதலாளி" என்று, அவர் மறுப்பதற்குள் மாட்டிவிட்டேன்.

வெள்ளைத் தாடி, வெள்ளைச் சட்டை, நடுவில் வண்ணத்துப்பூச்சி வைத்த ரோஸ் கண்ணாடி. ஃப்ரேம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டீச்சர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். முதலாளி கோபித்துக்கொள்வார் என்று நான் பயந்தேன். அவர் மெதுவாகக் குனிந்தார். தலையை இடமும் வலமும் ஆட்டினார். ஒரு குதி குதித்தார், அந்த வயதில். கடைசியாக ஹரிணியைப் பார்த்துச் சிரித்தார். கண்ணாடி ஒரு நூல் நகரவில்லை.

ஹரிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பாவுக்கும் இப்புடித்தான் டைட்டா இருக்கும்!" என்றாள். அடுத்த நொடி வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"எந்த அப்பா?" என்றாள் செல்வி.

டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது கதை. தடைக்காலத்தில்தான் ஆண்கள் வலையெல்லாம் பிரித்துப் போட்டுப் பழுது பார்ப்பார்கள். ஹரிணியின் அப்பா வேலுவுக்கு வலைக்கண் தெரியவில்லை. ஊசி ஒரு பக்கம் போனது, நூல் ஒரு பக்கம் போனது, விரலில் குத்திக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் தன் கண்ணாடியைக் கழற்றி அப்பா முகத்தில் மாட்டிவிட்டாள். வலை பளிச்சென்று தெரிந்தது. நாற்பதைத் தாண்டியவருக்கு வரும் வெள்ளெழுத்துக்கும், இந்தப் பிள்ளையின் கண்ணுக்கும் வேண்டியது நடுவில் புடைத்த ஒரே வகை லென்ஸ்தான். இரண்டு பக்கமும் பவர் ஒன்றாக இல்லாததால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு லேசான பக்கத்து லென்ஸ் வழியாகப் பார்த்துப் பின்னியிருக்கிறார். "அம்மாகிட்ட சொல்லாதன்னுச்சு" என்றாள் ஹரிணி.

காலையில் அப்பா தலை, மத்தியானம் மகள் தலை. விரிந்துபோன கண்ணாடி சின்ன முகத்தில் நிற்காமல் ஓடும்போதெல்லாம் விழுந்தது. விழுந்ததை யாராவது மிதித்தார்கள். ஒவ்வொரு தடவையும் செல்வி மகளை அடித்திருக்கிறாள். ஹரிணியும் தன் மேல்தான் தப்பு என்று நம்பி வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

"இன்னைக்கு இருக்கு அந்த ஆளுக்கு" என்று செல்வி எழுந்தாள்.

"வீட்ல ஒண்ணும் கேட்டுடாதீங்கம்மா" என்றார் முதலாளி, இன்னும் அந்த ரோஸ் கண்ணாடியோடு. "நாளைக்குப் புள்ளையக் கூட்டிக்கிட்டு அவங்க அப்பா வரட்டும். அவங்க வந்தாத்தான் அளவெடுப்போம்னு கடையில சொல்றாங்கன்னு சொல்லுங்க."

அவர்கள் போன பிறகு, "ஏன் முதலாளி, நீங்களுமா பொய் சொல்றீங்க?" என்றேன்.

"பொய் இல்லீங்களே வசந்திம்மா. அவரு தலையையும் அளவெடுக்கத்தான போறோம்."

மறுநாள் வேலு வந்தார். நல்ல உயரம், அகன்ற நெற்றி, அடர்ந்த மீசை, நீலச் சட்டை. தலையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. வாசலிலேயே நின்றார்.

"எனக்கு என்னாங்க பாய், கண்ணு சுத்தமாத் தெரியும். எட்டத்துல வர்ற போட்டு யாரு போட்டுன்னு எல்லாருக்கும் முன்னாடி நான் சொல்லுவேன்."

"சொல்லுவீங்க தம்பி. தூரம் நல்லாத் தெரியும்" என்றார் முதலாளி.

"பக்கம்?" என்றேன் நான். எனக்கு இந்த மாதிரி நேரத்தில் வாய் நிற்காது.

அவர் என்னை முறைத்தார். பிறகு ஹரிணியைப் பார்த்தார், அவள் தரையைப் பார்த்தாள். விஷயம் வெளியே வந்துவிட்டது என்று புரிந்துகொண்டு உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணாடி போட்டவன எந்த டிரைவர்க்கா கடலுக்குக் கூட்டிக்கிட்டுப் போவான்? வலை பின்னுற கூடத்துல எல்லாரோடவும் குந்திப் பின்னுனா தெரிஞ்சிடும்னுதான் வலைய வீட்டுக்குத் தூக்கியாந்தேன். தடை முடிஞ்சு ஆள் எடுக்குறப்ப, வேலுக்குக் கண்ணு போயிட்டுன்னு ஒருத்தன் சொன்னாப் போதும். அப்பறம் இவளுக்குக் கண்ணாடி என்னா, கஞ்சிக்கே என்னா பண்றது?"

படகை ஓட்டுகிறவரை டிரைவர் என்பார்கள். யாரை ஏற்றுவது, யாரை விடுவது என்று முடிவு செய்வதும் அவர்தான். வேலுவின் பயம் வெட்டிப் பயம் இல்லை. திட்டலாம் என்று வைத்திருந்த வார்த்தையெல்லாம் எனக்குள்ளேயே கரைந்துவிட்டது.

முதலாளி கவுண்டரைச் சுற்றி வெளியே வந்தார். ஸ்டூலில் இருந்த ஹரிணியின் வலது கண்ணை உள்ளங்கையால் மூடினார். வேலு நாலைந்து அடி தள்ளி நேரெதிரே நின்றிருந்தார்.

"எதுத்தாப்ல என்ன தெரியுதுங்க?"

"நீல சட்ட" என்றாள் ஹரிணி.

"மூஞ்சி?"

அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "மூஞ்சி இல்ல."

"நான்தாம்மா" என்றார் வேலு.

"கொரலு அப்பா மாரி இருக்கு" என்றாள் அவள் முதலாளியிடம், உதவி செய்கிற குரலில்.

வேலு கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். கடலில் எட்டத்தில் வருகிற படகையெல்லாம் அடையாளம் சொல்கிற மனிதர், மகள் தன் முகத்தைத் தேடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா சொன்ன வயதுக் கணக்கை முதலாளி அப்போதுதான் அவருக்கு எடுத்துச் சொன்னார். பிள்ளையிடம் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அதில் ஒரு நாளும் வீணாகக் கூடாது என்றார்.

"இத ஏன் என்கிட்ட யாரும் சொல்லல?" என்றார் வேலு.

"நீங்க ஒரு தடவையாவது கூட வந்திருந்தா சொல்லியிருப்போம்ல?" என்றேன். இந்த முறை முறைக்கவில்லை.

அன்றைக்கே அவருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தோம். "கடல்ல இது ஒங்களுக்கு வேணாம் தம்பி. தூரத்துக்கு ஒங்க கண்ணு போதும். ஊசியக் கையில எடுக்குறப்ப மட்டும் போடுங்க" என்றார் முதலாளி. அதன் விலை ஹரிணியின் ஒரு லென்ஸ் விலையில் கால்வாசி கூட வராது. அந்தச் சின்னக் காசுக் கண்ணாடியைப் போடப் பயந்துதான் இரண்டு கோடைக்கு அத்தனை பெரிய கண்ணாடிகள் நொறுங்கின. திட்டம் போடுகிற ரியாஸ் தம்பி இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். ஹரிணிக்கு வளைகிற ஃப்ரேமாகப் பார்த்து, தலைக்குப் பின்னால் எலாஸ்டிக் பட்டை போட்டு மாட்டினோம். ஃப்ரேமுக்கு முதலாளி காசு வாங்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, பருத்த உடம்புக்காரர் ஒருவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"நம்ம வேலு ஒண்ணு வாங்கிட்டுப் போனானே, வலைக்குப் போட, அதுமாரி எனக்கும் ஒண்ணு குடுங்க."

"வேலு ஒங்களுக்கு என்ன வேணும்?"

"எங்க போட்டுதான். நான் டிரைவரு."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க நான் டிராயருக்குள் தலையை விட்டு எதையோ தேட வேண்டியதாயிற்று. வேலு வலையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கே போய், எல்லார் நடுவிலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். முதல் நாள் கேலி செய்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் ஒவ்வொருத்தராக வாங்கி மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கோடை முடிவதற்குள் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அத்தனை பேரும் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

ஹரிணி அதற்குப் பிறகும் உடைத்தாள். ஆனால் பிள்ளைகள் உடைக்கிற மாதிரி, ஒழுங்காக உடைத்தாள். ஒன்று அலையில் போனது. ஒன்றை நாய்க்குட்டிக்குப் போட்டுப் பார்த்தாள். வேலு அவளுக்கு ஒரு வேலையும் கொடுத்திருந்தார். நல்ல கண்ணை ஒட்டி மூடியிருக்கிற நேரத்தில், பிரித்துப் போட்ட வலையில் கிழிந்த கண் எங்கெங்கே இருக்கிறதென்று அவள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், அவர் பின்னுவார். முதலில் கையால் தடவித் தடவித்தான் கண்டுபிடித்தாள் என்று செல்வி சொன்னாள். டாக்டரம்மா கேள்விப்பட்டு, இதைவிட நல்ல பயிற்சி கிடையாது, விடாமல் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவை வரும்போதும் நான் டாக்டரம்மா எழுதிய சீட்டை வாங்கி முதலில் இடது கண் பக்கத்தைத்தான் பார்ப்பேன். பார்வை கொஞ்சம் ஏறும், நிற்கும், மறுபடி ஏறும். நான் வேண்டாத சாமி இல்லை.

ஹரிணிக்கு எட்டு வயது முடிகிற சமயம். பவர் மாறியிருந்தது. மூன்று பேரும் புதுக் கண்ணாடி வாங்க வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைய ஆட்கள். நான் மாட்டிவிட்டேன். குனிந்தாள், ஆட்டினாள், குதித்தாள், சிரிக்கச் சொன்னால் வெட்கப்பட்டாள். முதலாளி வழக்கம்போல வலது கண்ணைக் கையால் மூடினார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே வேலு அவள் எதிரே வந்து, அவள் உயரத்துக்குக் குனிந்து நின்றார். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹரிணி அப்பாவின் முகத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு கடையே கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"அய்ய, அப்பா! ஒன் மீசையில வெள்ள முடி இருக்கு!"

நான் அலமாரிப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கண்ணுக்கு வயசாகிவிட்டது தெரிந்துவிடுமே என்று பயந்த மனிதர் இப்போது மீசையைக் கையால் மறைப்பார் என்று நினைத்தேன். வேலு மறைக்கவில்லை. ஒரு அடி பின்னால் போய் நின்று, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, "எத்தனன்னு எண்ணிச் சொல்லும்மா" என்றார்.

ஹரிணி விரலை நீட்டி, எல்லார் முன்னாலும், சத்தமாக எண்ண ஆரம்பித்தாள்.